பிக்சல் 9ஏ வந்த பிறகு 8ஏ-ஐ என்ன செய்வது? – கேள்வி பதில்

கூகுளின் போன்களான பிக்சல் 8ஏ 2024 மே மாதத்திலும் பிக்சல் 9ஏ 2025 ஏப்ரலிலும் விற்பனைக்கு வந்தன. இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். விலையைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. அது இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே இருப்பது.

கேள்வி: 8ஏ-யில் 64 மெகாபிக்சல் கேமரா இருந்தது. 9ஏ-யில் 48 மெகாபிக்சல்தான் இருக்கிறது. கேமராவின் தரத்தைக் குறைத்துவிட்டார்களா?

பதில்: எண் குறைந்திருப்பது உண்மைதான், படத்தின் தரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. இரண்டு போன்களிலுமே அருகருகே உள்ள நான்கு பிக்சல்களை (சென்சாரில் ஒளியைப் பதியும் புள்ளிகளை) ஒன்றாகச் சேர்த்துத்தான் படம் பதிவாகிறது. ஆகவே 8ஏ-யில் நம் கைக்கு வருவது 16 மெகாபிக்சல் படம், 9ஏ-யில் வருவது 12 மெகாபிக்சல் படம். ஒரு பிக்சலின் அகலம் இரண்டிலும் 0.8 மைக்ரான் என்பதால், புதிய சென்சாரின் பரப்பு பழையதில் முக்கால் பங்கு என்று கணக்கிடலாம். அதே நேரத்தில் லென்ஸின் திறப்பு எஃப்/1.89-இலிருந்து எஃப்/1.7 ஆக (எண் குறைந்தால் திறப்பு பெரிது) அகன்றிருப்பதால், ஒவ்வொரு பிக்சலிலும் ஏறத்தாழ 24 சதவீதம் கூடுதலாக ஒளி விழுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மொத்த ஒளி பழைய கேமரா வாங்கியதில் சுமார் 93 சதவீதம். இந்த வேறுபாட்டை வெறுங்கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். உண்மையாகவே புதிதாக வந்திருப்பது மேக்ரோ ஃபோகஸ் வசதி. எறும்பையோ பூவின் நடுப்பகுதியையோ மிக அருகில் வைத்துப் படம் எடுப்பவர்களுக்கு அது பயன்படும். கேமராவுக்கான மேடு ஏறக்குறைய மறைந்துவிட்டதால், மேசையில் வைத்துத் தட்டச்சு செய்யும்போது போன் ஆடாமல் இருப்பதும் எனக்குப் பிடித்த மாற்றம்.

கேள்வி: கேம் விளையாடுவதற்கு 9ஏ வேகமாக இருக்குமா?

பதில்: பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்காதீர்கள். 9ஏ-யின் டென்சர் ஜி4 சிப்பில் சிபியு (பொதுவான வேலைகளைச் செய்யும் பகுதி) புதியது. ஆப்களைத் திறப்பதிலும் அவற்றுக்கிடையே மாறுவதிலும் அது தெரியும். ஆனால் கேமுக்கு வேண்டிய ஜிபியு (திரைக்காட்சிகளை உருவாக்கும் பகுதி) இரண்டிலும் மாலி ஜி715 என்ற ஒரே வகைதான். ரேமும் இரண்டிலும் 8 ஜிபிதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது கேம் விளையாடாதீர்கள். பேட்டரிக்கு அது நல்ல பழக்கமல்ல.

கேள்வி: என்னிடம் 8ஏ இருக்கிறது. மாற்றலாமா?

பதில்: வேண்டாம். 8ஏ-க்கு 2031 மே வரையும் 9ஏ-க்கு 2032 ஏப்ரல் வரையும் அப்டேட் வரும்; இடைவெளி ஓராண்டு கூட இல்லை. வெயிலில் திரை தெரியவில்லை என்பது உங்கள் அன்றாடத் தொல்லையாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். உச்ச வெளிச்சம் 2000 நிட்ஸிலிருந்து (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அலகு) 2700 ஆக உயர்ந்திருக்கிறது.

கேள்வி: 9ஏ-யில் பேட்டரி 5100 எம்ஏஎச் (கொள்ளளவின் அலகு) என்கிறார்கள், 8ஏ-யில் 4492 மட்டுமே. ஆனால் 9ஏ-யின் பேட்டரியை நிறுவனமே பின்னால் குறைத்துவிடும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: உண்மை. இதுவரை வந்தவற்றில் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். ‘பேட்டரி ஹெல்த் அசிஸ்டன்ஸ்’ என்ற மென்பொருள் ஏற்பாடு 9ஏ-யில் கட்டாயமாக இருக்கிறது. அதை அணைக்க முடியாது. 200 சார்ஜ் சுழற்சிகள் முடிந்ததும் பேட்டரியின் உச்ச மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கி, 1000 சுழற்சிகள் வரை அதைத் தொடர்கிறது. சார்ஜ் ஏறும் வேகமும் அதற்கேற்ப மாற்றப்படுகிறது. ஒரு சுழற்சி என்பது ஒருமுறை செருகி எடுப்பதல்ல. 50 சதவீதமாக இரண்டு முறை ஏற்றினாலும் கணக்கில் ஒன்றுதான். நாளொன்றுக்கு 70 சதவீதம் செலவழிப்பவர் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல் ஆகும்போது 200-ஐத் தொடுவார்.

காரணம் வேதியியலில் இருக்கிறது. லித்தியம் அயன் செல் முழுவதும் நிரம்பிய நிலையில் அதன் மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கிறது; அந்த உச்சத்தில்தான் நேர்மின்வாயை ஒட்டிய மின்பகுளி (மின்வாய்களுக்கு இடையே உள்ள திரவம்) வேகமாகச் சிதைகிறது, வாயு உண்டாகிறது, செல் உப்புகிறது. வயது ஏற ஏற எதிர்மின்வாயின் மேல் படியும் படலம் தடித்து உள்மின்தடை கூடுவதால், பழைய வேகத்திலேயே சார்ஜ் ஏற்றினால் சூடும் கூடுகிறது. உச்சத்தைச் சற்றே இறக்கினால் இந்தச் சிதைவு தணியும். அதற்கு விலையாக ஒவ்வொரு முறையும் நிரம்பும் அளவு சிறிது குறையும்.

கேள்வி (மேலே கேட்டவரே மீண்டும்): நான் பணம் கொடுப்பது 5100-க்கு. என்னைக் கேட்காமல் குறைப்பது எப்படி நியாயம்?

கேள்வி (அவருக்கு மறுப்பாக இன்னொருவர்): பேட்டரி தீப்பிடித்தால் அப்போது நியாயம் பேசுவீர்களா? பாதுகாப்புக்காகச் செய்வதை ஏன் குறை சொல்கிறீர்கள்?

பதில்: இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். பாதுகாப்பு பற்றிய கவலை வெறும் சாக்கு அல்ல. 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ-க்கு வந்த அப்டேட் சில போன்களில் பேட்டரியின் கொள்ளளவைக் கணிசமாகக் குறைத்தது. அதே ஆண்டு ஜூலையில், 400 சுழற்சிகளைக் கடந்த 6ஏ போன்களில் சூடேறும் அபாயத்தைக் குறைக்க ஒரு கட்டாய அப்டேட் வந்தது. அவை வாங்கியவர்கள் எதிர்பாராத நேரத்தில் வந்த குறைப்புகள். 9ஏ-யில் அது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, மெல்ல மெல்ல நடக்கிறது. அந்த வகையில் இது மேலானது.

ஆனால் முதலில் கேட்டவரின் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. எந்தச் சுழற்சியில் எவ்வளவு மின்னழுத்தம் குறையும் என்ற அட்டவணை வாங்குபவரின் கையில் இல்லை. பெட்டியின் மேல் 5100 என்ற எண் மட்டுமே இருக்கிறது. ஏழு ஆண்டு அப்டேட் தருவதாகச் சொல்லி விற்கும் போனில், மூன்றாம் ஆண்டில் பேட்டரி எவ்வளவு தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியது விற்பவரின் கடமை. 8ஏ விற்பனைக்கு வந்தபோது இந்த ஏற்பாடு அதில் இல்லை என்பதையும், அதனால் பெட்டியின் மேலுள்ள இரண்டு எண்களை மட்டும் வைத்து ஒப்பிடுவது முழுமையாகாது என்பதையும் வாங்குபவர் மனத்தில் கொள்ள வேண்டும். நுட்பம் சரியானது, அதைத் திணித்த முறை சரியில்லை என்பதே என் முடிவு.

கேள்வி: 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியை இயக்கிவிட்டால் இந்தக் குறைப்பிலிருந்து தப்பிக்கலாமா?

பதில்: தப்பிக்க முடியாது, ஆனால் நன்மை உண்டு. குறைப்பு சுழற்சிகளின் எண்ணிக்கையை ஒட்டி நடக்கிறது. நீங்கள் செலவழிக்கும் மின்சாரம் மாறாதவரை அந்த எண்ணிக்கையும் மாறாது. எனினும் செல் உச்ச மின்னழுத்தத்தில் நிற்கும் நேரம் குறைவதால் அதன் இயல்பான தேய்மானம் குறையும். உங்கள் போன் எத்தனை சுழற்சி கடந்திருக்கிறது என்பதை செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதிக்குள் பேட்டரி விவரத்தில் பார்க்கலாம். பேட்டரி தயாரான தேதியும் அங்கேயே இருக்கும். பயன்படுத்திய 8ஏ-ஐ வாங்க நினைப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 9ஏ எவ்வளவு விரைவாகச் சார்ஜ் ஆகும்?

பதில்: 18 வாட்டிலிருந்து 23 வாட்டாக உயர்ந்திருக்கிறது. வயர்லெஸ் சார்ஜிங் பழையபடி 7.5 வாட். தடித்த உறையைக் கழற்றிவிட்டுச் சார்ஜ் போடுங்கள், தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள்.

கேள்வி: மெமரி கார்டு போடலாமா? ஹெட்போன் துளை உண்டா?

பதில்: இரண்டு போன்களிலும் இரண்டுமே இல்லை.

கேள்வி: 8ஏ வாங்கி ஓராண்டுதான் ஆகிறது, 9ஏ-க்கு மாறினால் நல்லதா?

பதில்: மேலே இதே கேள்விக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். அதில் மாற்றமில்லை.

கேள்வி: ஐபோன் 16ஈ, 9ஏ இரண்டில் எது நல்லது?

பதில்: இங்கே பேசுவது 9ஏ, 8ஏ ஆகிய இரண்டைப் பற்றி மட்டும். ஐபோனை நாள்தோறும் பயன்படுத்துபவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பிக்சல் 9-இல் உள்ள ஏஐ வசதிகள் எல்லாம் 9ஏ-யிலும் வருமா?

பதில்: வராது. ரேம் 8 ஜிபி மட்டுமே என்பதால், போனுக்குள்ளேயே இயங்கும் ஜெமினி நானோ என்ற ஏஐ-யின் சிறிய, எழுத்தை மட்டும் கையாளும் வடிவம்தான் இதில் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தேடித் தரும் செயலியும், அழைப்பைக் குறிப்பெடுக்கும் வசதியும் இல்லை. மொபைல் நெட்வொர்க்கோடு இணைக்கும் மோடமும் 8ஏ-யில் இருந்த அதே பழையது. செயற்கைக்கோள் வழி அவசர அழைப்பு கிடையாது. அந்த வசதிகளுக்காகவே வாங்குவதாக இருந்தால் 9ஏ உங்களுக்கானது அல்ல.

கேள்வி: என் பழைய போனின் பின்மூடி ஓரத்தில் லேசாகத் தூக்கியிருக்கிறது, சார்ஜ் மட்டும் நன்றாக ஏறுகிறது. 9ஏ வந்து சேரும் வரை ஒரு வாரம் இதையே பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. பேட்டரி உப்பியிருப்பதன் அடையாளம் அது. சார்ஜ் ஏறுவதை வைத்து நலமாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். இனி ஒருமுறைகூடச் சார்ஜ் போடாதீர்கள். மீதமிருக்கும் சார்ஜில் படங்களையும் எண்களையும் வேறிடத்தில் சேமித்துவிட்டு, போனை அணையுங்கள். மூடியை அழுத்திச் சமன்படுத்தவோ நெம்பிப் பார்க்கவோ வேண்டாம். செல்லின் உறை கிழிந்தால் தீப்பற்றக்கூடும். எளிதில் தீப்பிடிக்கும் பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்திருந்து, சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள். குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள்.