வேலை இல்லை என்ற கடிதத்துக்கு என்ன பதில்?

வணக்கம் அக்கா,

கிளிநொச்சியில் ஓர் அரச சார்பற்ற நிறுவனத்தில் கள உத்தியோகத்தர் வேலைக்கு நேர்முகத்தேர்வுக்குப் போனேன். நல்லாத்தான் செய்தேன். பன்னிரண்டு நாள் கழித்து 'தெரிவுசெய்யப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் மூன்று வரி மின்னஞ்சல் வந்தது. யாரை எடுத்தார்கள், என்னில் என்ன குறை என்று கேட்டு ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அண்ணா அனுப்பாதே என்கிறார். ஓர் அரச திணைக்கள நேர்முகத்திலும் இப்படித்தான், அங்கே கடிதமே வரவில்லை. நான் என்ன செய்வது?

த., மாங்குளம்

அன்புள்ள த.,

அண்ணா சொன்னதில் பாதி சரி. அந்த ஒன்றரைப் பக்கத்தை அனுப்ப வேண்டாம். ஆனால் பதில் போடுங்கள்.

ஒருவரைத் தெரிவுசெய்யும்போது அடுத்த ஓரிருவரின் விண்ணப்பத்தையும் பெரும்பாலும் எடுத்து வைத்திருப்பார்கள். தெரிவானவர் சம்பளம் போதாதென்று வராமல் விடலாம். தகுதிகாண் காலத்திலேயே விலகலாம். அரச நியமனம் வந்தால் செயற்றிட்ட வேலையை அன்றைக்கே விட்டுப் போகிறவர்களும் எங்கள் பக்கம் உண்டு. செயற்றிட்டத்துக்கு முடிவுத் திகதி இருப்பதால் திரும்ப விளம்பரம் போட்டுக்கொண்டிருக்க நேரமிராது, பழைய விண்ணப்பக் கோவையைத்தான் திறப்பார்கள். உங்களை நேர்கண்டவரும் அடுத்த வருடம் வேறு நிறுவனத்தில் இருக்கக்கூடும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று எங்கே போனாலும் அதே முகங்கள்தானே.

இரண்டு வேலை நாளுக்குள் அனுப்புங்கள். கோபம் இருந்தால் இரவு எழுதி, காலையில் வாசித்துவிட்டு அனுப்பலாம். புது மின்னஞ்சல் தொடங்காமல் அவர்கள் அனுப்பியதற்கே மறுமொழி கொடுங்கள். அப்போதுதான் எந்தப் பதவி, எந்த விண்ணப்பம் என்று அவர்கள் தேட வேண்டியிராது. அனுப்பியவருக்கு மட்டும் போகட்டும், பிரதி இடப்பட்ட எல்லோருக்கும் வேண்டாம். கடிதம் ஆங்கிலத்தில் வந்ததால் பதிலும் ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. இணையத்தில் கிடைக்கும் அலங்கார ஆங்கிலம் உங்கள் விண்ணப்பத்தின் ஆங்கிலத்தோடு ஒட்டாது, உடனே தெரிந்துவிடும். நாலு எளிய வசனம் போதும். தமிழில் எழுதினால் யூனிக்கோடில், மின்னஞ்சலுக்குள்ளேயே எழுதுங்கள். பாமினியில் அடித்து இணைத்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

உள்ளடக்கம் இவ்வளவுதான்:

"கள உத்தியோகத்தர் பதவி தொடர்பான தங்கள் முடிவை அறியத்தந்தமைக்கு நன்றி. நேர்முகத்தேர்வில் கிராம மட்டக் குழுக்களின் பதிவேடுகள் பற்றிக் கேட்ட கேள்வி எனக்குப் பயனுள்ளதாக இருந்தது. அடுத்த முறை விண்ணப்பிக்கும் முன் நான் எதில் முன்னேற வேண்டும் என்று ஓரிரு வரியில் சொல்ல முடிந்தால் நன்றியுடையவளாவேன். இதேபோன்ற வெற்றிடம் ஏற்பட்டால் எனது விண்ணப்பத்தையும் கவனத்திற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டாம் வசனத்தில் உங்களிடம் உண்மையில் கேட்ட ஒன்றைப் போடுங்கள். இருபது பேரை நேர்கண்டவருக்கு உங்கள் முகம் அதில்தான் ஞாபகம் வரும். மூன்றாம் வசனத்தில் 'ஏன் எடுக்கவில்லை' என்ற சொல் வரக்கூடாது. காரணத்தை எழுத்தில் கொடுத்தால் நாளைக்கு அது முறைப்பாட்டோடு இணைந்து வரும் என்று நிறுவனங்கள் பயப்படும், அதனால் மௌனமாகிவிடும். 'எதில் முன்னேறலாம்' என்று கேட்டால் சிலர் சொல்வார்கள்: மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் இல்லை, அறிக்கை எழுதிய அனுபவம் போதாது, இப்படி. சொன்னால் 'நன்றி' என்று ஒரு வரி, அதோடு சரி. அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்துத்தான் இருக்கிறேன் என்று அங்கே வாதாடத் தொடங்கினால் எழுதிக் கொடுத்தவர் நொந்துபோவார். கையில் கிடைத்தபின் அடுத்த விண்ணப்பத்தில் போடுங்கள். பதிலே வராவிட்டால் திரும்பக் கேட்க வேண்டாம். நேர்கண்டவரின் வட்ஸ்அப் இலக்கத்தைத் தேடிப்பிடிப்பதும், தெரிந்தவரைக் கொண்டு கதைக்க வைப்பதும் உள்ளதையும் கெடுக்கும். முகநூலில் எழுதுவதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

திணைக்கள விசயம் வேறு. அங்கே நன்றிக் கடிதத்தால் பட்டியல் மாறாது. புள்ளியைத்தான் கேட்க வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தத் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. உங்கள் நேர்முகப் புள்ளி, புள்ளித்திட்டம், வெட்டுப்புள்ளி ஆகிய மூன்றை மட்டும் கேளுங்கள். தெரிவானவர்களின் சான்றிதழ்களைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்கலாம். கையில் கொடுத்தால் கிடைத்ததற்கான எழுத்துச் சான்றை வாங்காமல் வராதீர்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள், மேன்முறையீட்டைப் பார்க்கவெனக் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

கடைசியாக, மின்னஞ்சலில் உங்கள் பெயருக்குக் கீழே தொலைபேசி இலக்கம் இரண்டு போடுங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த சிம்மை மாற்றியிருந்தால் இப்போதே சொல்லுங்கள். இரண்டாவது இலக்கம், சிக்னல் நல்லாக் கிடைக்கிற இடத்தில் இருக்கும் அண்ணாவின் இலக்கமாக இருக்கட்டும். பழைய கோவையைத் திறப்பவர் அழைத்துப் பார்ப்பது ஓரிரு தடவைதான், பிறகு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.