ஞாயிற்றுக்கிழமைக் காலையும் வியாசர்பாடி மொய்ங்காவும்

"விடுமுறை நாள் காலைச் சிற்றுண்டிக்கு உங்கள் பகுதியில் நீங்கள் விரும்பிச் செல்லும் வெளிநாட்டு உணவுக் கடை எது, அங்கே என்ன சாப்பிடலாம்?" என்பது கேள்வி.

எங்கள் வீடு மகாகவி பாரதி நகரில் இருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலாவது நானும் கணவரும் மகளும் மாமனாரை அழைத்துக்கொண்டு, வியாசர்பாடியில் ஓர் அக்கா தன் வீட்டு வாசலிலேயே நடத்திவரும் பர்மா கடைக்குக் காலை ஏழரை மணிக்கெல்லாம் நடந்தே போய்விடுவோம். பெயர்ப்பலகை இல்லாத கடை அது. இரண்டு பெஞ்சுகளும் அடுப்பில் ஒரு பெரிய அலுமினியச் சட்டியும்தான் அங்கே உண்டு.

பர்மா உணவு என்றதும் சென்னையில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே மாலை நேரத்தில் கிடைக்கும் அத்தோ என்ற நூடுல்ஸ் கலவைதான். ஆனால் பர்மாக்காரர்களின் காலை உணவு மொய்ங்கா. மீனை மஞ்சளும் எலுமிச்சைப் புல்லும் சேர்த்து அவித்து, முள் நீக்கி உதிர்த்து, வெங்காயம், இஞ்சி, பூண்டு விழுதுடன் எண்ணெயில் நன்றாக வதக்கி, வறுத்த கடலை மாவைக் கரைத்து ஊற்றி, மெல்லிய வில்லைகளாக அரிந்த வாழைத்தண்டைப் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் கிடைக்கும் குழம்பு அது. அதை அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றித் தருவார்கள். அத்தோவோடு கொடுக்கும் வாழைத்தண்டு சூப்பைக் குடித்துப் பழகியவர்களுக்கு இந்த வாசனை முற்றிலும் புதிதாக இராது. ஆயினும் மீனும் எலுமிச்சைப் புல்லும் சேர்ந்து தரும் ஆழம் அந்த சூப்பில் இல்லை என்பதே என் கருத்து.

அந்த அக்கா முட்டையைக் கையாளும் விதத்தைப் பார்ப்பதற்காகவே நான் சட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்காருவேன். அவித்த முட்டையை உள்ளங்கையில் வைத்து, முழுவதும் பிளந்துவிடாமல் கத்தியால் ஒரு கீறல் போட்டு, கட்டைவிரலால் வாயைத் திறந்து, பொன்னிறமாகப் பொரித்த வெங்காயத்தையும் மிளகாய்த் தூளையும் உப்பையும் உள்ளே திணித்து, பூண்டு எண்ணெயை அரைக் கரண்டி விட்டு மூடிவிடுவார். கிண்ணத்தின் மேல் அந்த முட்டையை வைத்த பிறகு, தட்டையைப் போல் மொறுமொறுப்பான பேஜோவைக் கையாலேயே நொறுக்கித் தூவி, கொத்தமல்லியும் எலுமிச்சைச் சாறும் சேர்ப்பார். பே என்றால் பருப்பு, ஜோ என்றால் பொரித்தது என்றும், அத்தோ என்ற பெயரே கையால் கலப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்றும் மாமாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

மாமா ரங்கூனில் பிறந்தவர். 1962 மார்ச்சில் அங்கே ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியதும், அதன்பின் கடைகளும் வணிக நிறுவனங்களும் அரசுடைமை ஆக்கப்பட்டதும், 1964இல் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதும் அங்கிருந்த தமிழர்களை ஏறத்தாழ வெறுங்கையோடு கப்பலேற வைத்தன. அப்படித் தமிழகம் வந்து சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரில் ஒன்பது வயதுச் சிறுவனாக அவரும் ஒருவர். அக்கா இங்கேயே பிறந்தவர். தன் தாயாரிடமிருந்து இந்தக் கைப்பக்குவத்தைக் கற்றவர். "மாமா, இன்னிக்குத் தண்டு இளசா கிடைச்சிருக்கு" என்று அவர் சொன்னாலே மாமா இரண்டாவது கிண்ணத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார். வீட்டில் இரண்டு இட்லிக்கு மேல் தொடாதவர் அவர்.

நீங்கள் போவதாக இருந்தால் முதலில் எலுமிச்சை பிழியாமல் குழம்பை மட்டும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். புளிப்பு சேர்ந்துவிட்டால் மீனின் இனிப்பு பின்னால் போய்விடும். தயவுசெய்து பார்சல் வாங்காதீர்கள். நூடுல்ஸ் குழம்பை உறிஞ்சிக் கட்டியாகிவிடும், பேஜோ நமுத்துவிடும். சைவம் உண்பவர்கள் குழம்பில் மீன் இருக்கிறதா என்று ஒவ்வொரு கடையிலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம். இந்தக் கடையில் அவர்களுக்கு முட்டையில்லாத அத்தோ உண்டு. முட்டைக்கோஸும் பச்சை வெங்காயமும் புளித்தண்ணீரும் பூண்டு எண்ணெயும் சேர்த்து, நாம் கேட்கும் காரத்தில் கலந்து தருவார்.

எட்டரை மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது, ஏனென்றால் அக்கா ஒரு நாளைக்கு ஒரு சட்டி குழம்புதான் வைப்பார். சென்ற ஞாயிறு மகள் எழத் தாமதமாகி ஒன்பது மணிக்குப் போனபோது அடியில் ஒரு கிண்ணத்துக்கான குழம்பே மிஞ்சியிருந்தது. அதை மாமாவுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, நாங்கள் மூவரும் அத்தோ சாப்பிட்டோம்.