செங்கிஸ் கானின் விருந்தாளி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

செங்கிஸ் கானைச் சந்திக்கப் பயணம் போன சீனத் தாவோ மதத் துறவி சியூ சூஜி பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: இவர் செங்கிஸ் கானுக்குச் சாகா மருந்து கொடுத்தாராமே?

இல்லை. 1222-ல் இந்துகுஷ் மலைப் பாசறையில் கான் கேட்டதே அதைத்தான். உயிரைப் பேண வழி உண்டு, சாகாமலிருக்க மருந்து கிடையாது என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டார். கானுக்கு அந்த நேர்மை பிடித்துப்போனது.

கே: பிறந்த ஆண்டு, ஊர், குரு பெயர் உடனே வேண்டும். அசைன்மென்ட்.

1148. ஷாண்டோங்கின் சிஷியா. வாங் சோங்யாங். மீதிக்கு நூலகம் இருக்கிறது.

கே: ஒரே சொல்லால் மங்கோலியர்களின் படுகொலைகளை நிறுத்தியவர் என்று வீடியோவில் பார்த்தேன். எவ்வளவு பெரிய மனிதர்!

மறுபடியும் வீடியோவா? ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். பேச்சு நடந்தது 1222-ல். 1226-ல் கான் சீனாவின் வடமேற்கில் இருந்த தாங்குத் நாட்டின் மீது படையெடுத்தார், அடுத்த ஆண்டே அந்த நாடு அழிந்தது. எங்கே நின்றது கொலை? அந்தப் புகழுரை பெய்ஜிங்கில் உள்ள வெண்மேகம் என்ற தாவோ கோயிலுக்கு, 18-ம் நூற்றாண்டுச் சீனப் பேரரசர் சியான்லோங் எழுதிய வரி. சந்திப்புக்கும் அதற்கும் 500 ஆண்டு இடைவெளி! உடனிருந்தவர் எழுதியதையும் பின்னால் வந்தவர் சேர்த்ததையும் பிரித்துப் படியுங்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது?

கானின் அரசவையில் இருந்த ஆலோசகர் யெலூ சூசாய் அந்தப் பேச்சைப் பதிவு செய்திருக்கிறார். அதில் பெரும்பகுதி காமத்தை அடக்கு, உடம்பைப் பேணு என்பதுதான். வட சீன மக்களுக்கு மூன்று வருடம் வரிவிலக்குக் கொடு என்ற யோசனையும் உண்டு. உண்மையில் பலன் தந்தது 1223-ல் கிடைத்த ஆணை. சியூவின் துறவிகளுக்கு வரியும் கட்டாய வேலையும் இல்லை என்றது அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சீடர்கள் போரில் சிக்கியவர்களையும் அடிமைகளையும் மடங்களில் சேர்த்துக் காப்பாற்றினார்கள். குப்ளாய் கான் சீனாவில் நிறுவிய மங்கோலிய யுவான் வம்சத்தின் அதிகாரபூர்வ வரலாறு இருபது முப்பதாயிரம் பேர் என்கிறது. அப்புறம் அதே சலுகையின் தெம்பில் பௌத்தக் கோயில்களையும் வளைத்துப் போட்டார்கள். 1258-ல் பௌத்தர்களோடு நடந்த வாதத்தில் தோற்றார்கள். 1281-ல் செங்கிஸ் கானின் பேரன் குப்ளாய் கான் இவர்களுடைய நூல்களைக் கொளுத்தச் சொன்னார். வீடியோக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கே: குரங்கு வீரன் வரும் நாவல் இவர் எழுதியதா?

இல்லவே இல்லை. இவருடைய பயணத்தைச் சீடர் லி சிசாங் எழுதினார். இரண்டுக்கும் ‘மேற்குப் பயணம்’ என்று ஒரே பெயர் என்பதால், பின்னால் வந்த சிங் வம்ச காலப் பதிப்பாளர்கள் நாவலை இவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

கே: அந்தப் பயண நூல் சாமானியர் படிக்கத் தகுந்ததா?

தாராளமாக. 1221 மே மாதம் மங்கோலியாவின் கெருலன் ஆற்றங்கரையில் நடுப்பகலில் முழுச் சூரிய கிரகணம், நட்சத்திரங்கள் தெரிந்தன. மத்திய ஆசியாவின் சமர்கண்ட் போனதும் அங்குள்ள வானியலாளரிடம் சியூ விசாரிக்கிறார். இங்கே காலையில் பத்தில் ஆறு பங்குதான் மறைந்தது என்கிறார் அவர். விளக்கை விசிறியால் மறைத்தால் நேர் நிழலில் இருட்டு, தள்ளிப்போகப் போக வெளிச்சம், அதுபோலத்தான் என்று சியூ விளக்குகிறார். எழுபது தாண்டிய மனிதர்!

கே: லோங்மென் என்ற தாவோ பிரிவைத் தொடங்கியவர் இவர்தானே?

அந்தப் பிரிவினர் அப்படிச் சொல்கிறார்கள். அது இன்றைய வடிவத்துக்கு வந்தது 17-ம் நூற்றாண்டில், அந்தப் பிரிவின் துறவி வாங் சாங்யூ காலத்தில். பிரித்துப் படியுங்கள்.

கே: பெய்ஜிங் போகிறேன். வெண்மேகக் கோயிலுக்கு எப்போது போகலாம்?

சீன நாட்காட்டியில் முதல் மாதம் 19-ம் நாள், சியூவின் பிறந்தநாள் விழா. சில வருடம் பிப்ரவரியில் வரும், சில வருடம் மார்ச்சில். டிக்கெட் போடுவதற்கு முன் தேதியைப் பார்த்துவிடுங்கள்.