திடீர் இடுப்பு வலி: மாத்திரையோடு கைரோபிராக்டிக்கும் சேர்க்கலாமா?

இடுப்பு பிடித்துப் பத்து நாளாகிறது, மாத்திரையோடு கைரோபிராக்டிக்கும் (முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்திச் செய்யும் சிகிச்சை) செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் தாராளமாகச் செய்துகொள்ளலாம்.

டெக்சாஸில் உள்ள ஃபோர்ட் பிளிஸ் ராணுவ முகாமில் இதையே சோதித்தார்கள். வலி தொடங்கி நான்கு வாரத்துக்குள் இருந்த 91 பேர். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு கைரோபிராக்டிக். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, இடுப்புப் பகுதியில் சட்டென்று ஒரு சிறு அழுத்தம் கொடுப்பார்கள். பல நேரம் சொடக்குப் போட்டதுபோல் சத்தம் கேட்கும். 2013இல் வெளியான முடிவின்படி, இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் ஒன்று: தனக்கு எந்தச் சிகிச்சை என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும், கவனிப்பும் கூடுதல். பலனில் ஒரு பங்கு அதனால்கூட வந்திருக்கலாம். தவிர, இந்த மாதிரி வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எலும்பு பலவீனமாகி எளிதில் முறியும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) உண்டா? முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், கால் பலமிழந்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ எந்த அழுத்தமும் வேண்டாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.