கார் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு நினைவுரை எப்படி எழுதுவது?

நீங்கள் சொன்ன விவரம்: அப்பா செகாம்புட் கார் தொழிற்சாலையில் 28 வருஷம் ஸ்பாட் வெல்டிங். ஓய்வுக்குப் பிறகு அம்மாவை ஆறு வருஷம் டயாலிசிசுக்குக் கூட்டிப் போனார். செந்தூல் வீட்டில் கருமக்கிரியை அன்று வாசிக்க வேண்டும்.

முதலில் வருஷங்களைச் சரிபாருங்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். பழைய ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கையை நம்புங்கள். மலேசியாவில் தனியார் துறையில் ஓய்வு வயது 60 ஆனது 2013 ஜூலை 1 முதல்தான். அதற்கு முன் 55-இல் ஓய்வு பெற்றவரை "சீக்கிரமே வேலையை விட்டார்" என்று எழுதிவிடாதீர்கள். "முதல் புரோட்டோன் சாகாவைச் செய்தவர்" என்று சேர்க்கச் சொல்லும் மாமா ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு. மலேசியாவின் முதல் தேசியக் காராக 1985 ஜூலையில் வந்த அது ஷா ஆலாமில் செய்தது, செகாம்புட்டில் அல்ல.

வெறும் "வெல்டர்" என்றால் கேட்பவர்களுக்கு வெல்டிங் கம்பியும் முகமூடியும்தான் தோன்றும். ஸ்பாட் வெல்டிங்கில் கம்பியே கிடையாது. மேலே தொங்கும் வெல்டிங் கன்னை (கவ்விப் பிடிக்கும் கருவி) இழுத்து, இரண்டு செம்பு முனைகளுக்கு நடுவே தகடுகளைக் கவ்வி, மின்சாரம் விட்டால் அந்தப் புள்ளி மட்டும் உருகி ஒட்டும். ஒரு காருக்கு ஆயிரக்கணக்கான புள்ளிகள். முனை தேய்ந்து அகன்றுபோனால் மின்சாரம் பரவி, ஒட்டு பிடிக்காது; அதனால் அடிக்கடி சீவ வேண்டும். தெறிக்கும் பொறி சட்டைக் கையில் பொத்தல் போடும். அப்படியொரு சட்டை அலமாரியில் கிடந்தால் எடுத்து வையுங்கள்.

"அன்பான கணவர்" என்பதை அடித்துவிடுங்கள். டயாலிசிசுக்கு வாரம் மூன்று தடவை, தடவைக்குச் சுமார் நான்கு மணி நேரம், ஆறு வருஷம். 900 தடவைக்கு மேல் வருகிறது. அந்தக் கணக்கை அப்படியே எழுதுங்கள். அம்மாவிடம் "அப்பா எப்படிப் பார்த்துக்கிட்டாரு?" என்று கேட்டால் "நல்லா பார்த்துக்கிட்டாரு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் குடிக்கும் தண்ணீருக்கே அளவு உண்டு. "தண்ணி யாரும்மா அளந்து குடுப்பாங்க, எந்தக் கிளாஸ்ல?" என்று கேட்டுப் பாருங்கள், தானாகப் பேசுவார்.

250 சொல் போதும், நிறுத்தி வாசித்தால் மூன்று நிமிஷம். பெரிய எழுத்தில் அச்சடித்து, இன்னொரு பிரதியைத் தம்பியிடமோ மச்சானிடமோ கொடுத்து வையுங்கள். தண்ணீர் கிளாஸ் வரும் இடத்தில் உங்கள் குரல் அடைத்தால் அவர் தொடரட்டும்.