இரவில் நெஞ்சு படபடக்கிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 52. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடவென அடித்து விழிப்பு வருகிறது. இடப்பக்கம் படுத்தால் இன்னும் அதிகம். நடுவில் ஒரு துடிப்பு நின்றுபோவது போல் இருக்கிறது. பகலில் எடுத்த இ.சி.ஜி. சரியாகத்தான் இருந்தது. குறட்டை விடுவதாக வீட்டில் சொல்கிறார்கள். எல்லாம் மனப்பிரமையா?

பதில்: பிரமை இல்லை அம்மா. எனக்கும் இது உண்டு. அந்த நேரத்துப் பயம் எனக்குத் தெரியும். இடப்பக்கம் படுக்கும்போது இதயம் நெஞ்சுச் சுவரை நெருங்குவதால் துடிப்பு தெளிவாகத் தெரியும். நின்றதாகத் தோன்றுவது, பெரும்பாலும் முந்திக்கொண்டு வந்த ஒரு துடிப்பு. அதன்பின் சின்ன இடைவெளி, அப்புறம் பலமாக ஓர் அடி. அந்த அடிதான் உங்களை எழுப்புகிறது. பலருக்கு இதனால் ஆபத்தில்லை.

ஆனால் சில விநாடிகள் எடுத்த இ.சி.ஜி. உங்கள் இரவைக் காட்டாது. 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை டாக்டரிடம் கேட்டுப் பொருத்திக்கொள்ளுங்கள். தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனையும் வேண்டும். குறட்டையைச் சொன்னீர்களே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தூக்கத்தில் மூச்சு தடைபட்டால் இதயத்தின் தாளம் கெடலாம்; அதைத் தூக்கப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.