வேலை தெரியும், சான்று எங்கே?

கேள்வி: 11 வருடமாக வயரிங் வேலை செய்கிறேன். செய்யும் வேலையை வைத்தே தொழில் தகுதிச் சான்றிதழ் வாங்கலாம் என்றார்கள். பதிவு செய்து, 120 போட்டோவோடு கோப்பு கொடுத்தேன். மதிப்பீட்டாளர் "சான்று போதாது" என்று திருப்பிவிட்டார். இன்னும் எத்தனை போட்டோ சேர்க்க வேண்டும்?

பதில்: எண்ணிக்கை குறைந்ததால் திரும்பியிருக்காது. வேலை முடிந்த போர்டின் படத்தைப் பார்த்து, அதை மாட்டியது யார், எந்த வரிசையில் செய்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. மதிப்பீட்டாளருக்கு வேண்டியது அதுதான்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வேலை தொடங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக்கரை இறக்கிப் பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை மாட்ட வேண்டும். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, துண்டித்த லைனில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துச் சோதிக்க வேண்டும். கடைசியாக, டெஸ்டரை மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அனுபவசாலிகள் பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். இதை எந்தப் போட்டோவும் காட்டாது. மதிப்பீட்டாளர் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். அதனால் நேரடிப் பார்வைக்கு முதலில் நாள் கேளுங்கள். பல அலகுகளை, அதாவது சான்றிதழின் பகுதிகளை, தொடும் பெரிய வேலை நடக்கும் நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு அலகிலும் நீங்கள் செய்து காட்ட வேண்டியவைதான் அளவுகோல்கள்; ஒரே வேலையை நாலைந்து அளவுகோல்களுக்குச் சான்றாகக் காட்டலாம்; கோப்பில் எது எதற்கு என்று எண் போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாட்சிக் கடிதத்திலும் பலர் சறுக்குகிறார்கள். "நல்ல உழைப்பாளி, நம்பிக்கையானவர்" என்று முதலாளி எழுதித் தருவது நன்னடத்தைச் சான்றிதழ். எந்தத் தேதியில், எந்த வேலையை, எப்படிச் செய்ததை நேரில் பார்த்தார் என்று இருக்க வேண்டும். எழுதுபவர் அந்த வேலை தெரிந்தவராகவும் இருக்க வேண்டும்.

இருக்கும் போட்டோக்களைத் தூக்கிப் போடாதீர்கள். தேதியும் உங்கள் கையெழுத்தும் உள்ள வேலைச் சீட்டு எந்தப் படத்துக்குக் கிடைக்கிறதோ, அதை மட்டும் சீட்டோடு சேர்த்து வையுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள். பழைய படங்கள் மட்டுமே இருந்தால், இன்றும் அந்தத் திறமை உங்களிடம் இருக்கிறதா என்ற கேள்வி வரும். அண்மையில் செய்த வேலையும் கோப்பில் வேண்டும்.

உங்கள் இடத்தில் நடக்காத வேலை ஏதாவது அளவுகோலில் இருந்தால், அதைக் கடைசி வரை மூடி வைக்காமல் இப்போதே சொல்லிவிடுங்கள். வேறு வேலையிடத்தில் சில நாள் வேலை ஏற்பாடு செய்ய நேரம் பிடிக்கும். செயற்கையாக அமைத்துக் காட்டுவதை எல்லா அலகுகளிலும் ஏற்க மாட்டார்கள்.

கேள்வி: எனக்கு எழுத்து வராது. விளக்கம் எழுதச் சொல்கிறார்களே?

பதில்: வாய்மொழியாகச் சொல்வதைப் பதிவு செய்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள்; பல இடங்களில் ஏற்கிறார்கள். "ஏன்" என்றுதான் கேட்பார்கள். டெஸ்டரை ஏன் கடைசியில் மறுபடி சோதித்தீர்கள்? நடுவில் அது பழுதாகியிருந்தால், மின்சாரம் உள்ள லைனையும் இல்லை என்றுதான் காட்டும். இவ்வளவு சொன்னால் போதும்.